பிரெஞ்சு என்று போட்ட புள்ளடி

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேருக்கும் கணக்கு நன்றாக வரும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கடைச் சிட்டையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், ஆறுதலாக இருந்தால் ஒரு கடிதம் எழுதுவேன், அவ்வளவுதான். என் பிள்ளைகள் சாப்பிட இருந்தால் அட்சரகணிதம், கேத்திரகணிதம் என்று தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள். நான் கறிச்சட்டியோடு நின்று கேட்பேன். ஒரு சொல் விளங்காது. ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

போன கிழமை சமூக நிலையத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை ஒரு தாள் கொண்டுவந்து தந்தாள். அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்கையும் விஞ்ஞானத்தையும் மறுபடியும் அளந்து பார்க்கப் போகிறதாம். அதற்கு முதல் பெற்றோரும் வீட்டுப் பெரியவர்களும் தங்கள் கருத்தைச் சொல்லலாமாம்.

"தமிழிலயே எழுதித் தாங்கோ அம்மா. நாங்கள் பிரெஞ்சில மாத்திக் குடுப்பம்" என்றாள்.

தாளில் பத்து வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். என் கருத்து பத்து வரிக்குள் அடங்காது. அதனால் பேத்தியின் கொப்பி ஒன்றில் மிச்சமிருந்த வெள்ளைப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன்.

என் மூத்தவனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவனைச் சொல்லாவிட்டால் நான் செய்தது ஒருவருக்கும் விளங்காது.

அவன் பல்கலைக்கழகத்துக்குச் சோதனை எடுத்த காலத்தில் ஊரில் தரப்படுத்தல் வந்தது. எந்த மொழியில் சோதனை எழுதினாய் என்று பார்த்தார்கள். தமிழில் எழுதியவனுக்குக் கூடப் புள்ளி வேண்டும் என்றார்கள். பிறகு எந்த மாவட்டம் என்று பார்த்தார்கள். கணக்கும் விஞ்ஞானமும் படித்த பிள்ளைகள் மேல்தான் அந்த வெட்டு ஆழமாக விழுந்தது. முந்திய காலமென்றால் அவன் எடுத்த புள்ளிக்கு எஞ்சினியர் படிப்புக் கிடைத்திருக்கும். முடிவு வந்த அன்று சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, "அம்மா, நான் பாய்ஞ்சனான். அவங்கள்தான் கயித்தை உயத்திப் போட்டாங்கள்" என்றான். பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட்டான். அவன் அழுதிருந்தால் எனக்கு மறந்து போயிருக்கும். சாப்பிட்டதுதான் மறக்கவில்லை.

அதன் பிறகு அவன் ரியூசன் கொடுத்தான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அவனிடம் கணக்குப் படித்து எஞ்சினியர்களாகப் போனார்கள். அவன் அதே சைக்கிளில் போய்வந்தான். பிந்தித்தான் கலியாணம் முடித்தான், ஒரே ஒரு பெண்பிள்ளை. இடம்பெயர்ந்து வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்தபோது, நெஞ்சு நோகிறது என்று படுத்தவன் எழும்பவில்லை. நான் அப்போது இங்கே மொன்றியலில் கடைசி மகனோடு இருந்தேன். போகக் கிடைக்கவில்லை. ரெலிபோனில் பறை அடிக்கும் சத்தத்தைக் கேட்டேன்.

அடுத்த வருடம் மருமகளும் பேத்தியும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பேத்திக்கு அப்போது பதினொரு வயது.

முதலில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் அவளை விட்டார்கள். மொழி தெரியாது, ஆனால் கணக்குத் தெரியும். தகப்பன் படிப்பித்திருந்தான். வாத்தியார் அம்மா இரண்டு வகுப்பு மேலே உள்ள புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாவாம். எண்ணும் அடையாளமும் மட்டும் இருந்தால் அவளுக்கு எந்த ஊர்க் கணக்கும் ஒன்றுதான். மருமகள் தையல் தொழிற்சாலையால் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். பேத்தி முன்னால் இருந்து கணக்குச் செய்வாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பென்சிலைக் கடிக்கிற விதம்கூட அவன்தான்.

பிறகு எல்லாரோடும் சேர்த்து ஒரே வகுப்பில் போட்டார்கள். அங்கே கணக்கெல்லாம் கதையாக வரத் தொடங்கியது. ஒருநாள் கொப்பியைக் கொண்டுவந்து என்னிடம் கேட்டாள்.

"அப்பம்மா, மரத்தில ஏன் வாளி கட்டுகினம்?"

"எந்த மரத்தில?"

"இதில கிடக்கு. மரம், வாளி, சொட்டுது எண்டு. மரம் எப்பிடிச் சொட்டும்? நான் பிழையா வாசிக்கிறன் எண்டு விட்டுட்டன்."

மேப்பிள் மரத்தில் இனிப்புப் பாணி எடுக்கிறார்கள் என்று கடைசி மகன் வந்துதான் சொன்னான். "எங்கட ஆக்கள் பனையில முட்டி கட்டுறேல்லையே, அதுபோலத்தான்" என்றான். அப்படியென்று தெரிந்ததும் அரை நிமிடத்தில் விடை எழுதினாள். அதே கேள்வி வந்த வகுப்புச் சோதனையிலோ அந்த இடம் வெறுமையாகப் போயிருந்தது.

அந்த வருடம்தான் அரசாங்கத்தின் முதல் கணக்கெடுப்பு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் ஒரு சோதனை எழுத வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை, இந்தப் புள்ளி பள்ளிக்கூட ரிப்போட்டில் சேராது என்று கடிதத்தில் இருந்ததாம். கடிதத்தோடு வீட்டில் நிரப்புவதற்கு ஒரு படிவமும் வந்தது. தாய் தகப்பன் எவ்வளவு படித்தவர்கள், வீட்டில் எத்தனை புத்தகம், இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று கேள்விகள். பேத்தி ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். கடைசிக்கு முதல் கேள்வி: வீட்டில் பேசும் மொழி எது?

உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு என்ன போட்டனி?"

"தமிழ் எண்டு போடப் போறன்."

"போடாதை. பிரெஞ்சு எண்ட பெட்டிக்குள்ள புள்ளடி போடு."

"நாங்கள் பிரெஞ்சு கதைக்கிறேல்லையே அப்பம்மா. நீங்கள் 'போன்ஜூர்' மட்டும்தானே சொல்லுவீங்கள். அதுவும் பஸ்காரனுக்கு மட்டும்."

"சொன்னதைச் செய்."

போட்டாள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை. அப்படித்தான் என் மகன் வளர்த்திருந்தான்.

கணக்கும் விஞ்ஞானமும், அதோடு என்ன மொழி என்ற கேள்வியும் ஒரே உறைக்குள் வந்தால் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தமிழ்ப் பிள்ளைகள் கெட்டிக்காரர் என்று கண்டால் நாளைக்கு எங்களுக்கு மட்டும் கயிற்றை உயர்த்துவார்கள். என் வீட்டில் அது ஒருமுறை நடந்தது. இரண்டாம் முறை நடக்க விடமாட்டேன்.

என் வீட்டோடு நிற்பாட்டியிருக்கலாம். நான் நிற்பாட்டவில்லை. எங்கள் கட்டிடத்தில் அப்போது ஒன்பது தமிழ்க் குடும்பம். சனிக்கிழமை காலையில் எல்லாரும் நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற இடத்துக்கு வருவார்கள். மெசின் ஓடி முடியும் வரைக்கும் அங்கே வாங்கில் இருந்து கதைப்பதுதான் வழக்கம். அங்கே வைத்துத்தான் சொன்னேன். கூடை வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். ஆறு பிள்ளைகளைப் படிப்பித்தவள் சொல்கிறாள் என்றால் கேட்பார்கள்தானே.

ஒருத்தி கேட்டாள்: "அப்ப ஆச்சி, பிள்ளையளைக் கணக்கையும் பிழையா எழுதச் சொல்லுவமோ? கெட்டிக்காரர் எண்டு தெரியாமல் போகுமே?"

"அது மட்டும் கூடாது. தெரிஞ்ச கணக்கைப் பிழையா எழுதிறது பாவம்."

"என்ர பெடி சொல்லாமலே பிழையாத்தான் எழுதுவான், நீங்கள் கவலைப்படாதையுங்கோ" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தோம்.

சிரிக்காமல் நின்றவர் இரண்டாம் மாடி மட்டக்களப்புக்காரர் ஒருவர்தான். பெண்சாதிக்குப் பகலில் வேலை என்பதால் உடுப்புத் தோய்க்க அவர்தான் வருவார். ஊரில் விஞ்ஞானப் பட்டதாரி. இங்கே ஒரு வெதுப்பகத்தில் பாண் தட்டு இழுக்கிறவர். பேத்தியின் வகுப்பில்தான் அவருடைய மகனும் படித்தான்.

"ஆச்சி, நான் தமிழ் எண்டுதான் எழுதியிரிக்கன்" என்றார்.

"ஏன்? பட்டது காணாதோ?"

அவர் மெசினுக்குள் இருந்து ஈரத் துணியை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு வெட்டு விழுந்தது மெய்தான் ஆச்சி. ஆனா மாவட்டம் பாத்து எண்ணினபடியாத்தான் எனக்குக் கம்பசுக்குப் போகக் கிடைச்சது. எங்கட பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்க ஒரு வாத்தியார்தான் இருந்தவர், அவரும் பாதி நாள் வரமாட்டார். எங்களை ஒருத்தரும் எண்ணாம இருந்திருந்தா நான் வயலுக்குத்தான் போயிருப்பன். எண்ணுறது எல்லாம் பறிக்கிறதுக்கு இல்ல. குடுக்கிறதுக்கும் எண்ணத்தானே வேணும்?"

அது நியாயமான பேச்சு. இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். என் மகனுக்குக் கிடைக்காத இடத்தில் இருந்து படித்த ஒருவன், கையில் ஈரச் சாரத்தோடு என் முன்னால் நிற்கிறான்.

"அப்ப நீர்தான் அவர்" என்றேன். "இவ்வளவு நாளும் ஆர் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு, "யாழ்ப்பாணத்து ஆச்சிமாரோட வாதாடி வெல்ல எந்தக் கம்பசிலயும் படிப்பிக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். பகிடியாகத்தான் சொன்னார், ஆனாலும் முகம் செத்துப்போயிருந்தது.

எட்டுக் குடும்பம் பிரெஞ்சு என்று எழுதியது. அவர் ஒருவர் தமிழ் என்று எழுதினார்.

இலையுதிர் காலத்தில் முடிவு வந்தது. அதைப் பற்றிப் பெற்றோர் கருத்துச் சொல்வதற்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை கூட்டம் வைத்தார்கள். மருமகளுக்கு வேலை. நான் போனேன். சமூக நிலையத்துப் பிள்ளை பக்கத்தில் இருந்து எனக்கு மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பேசினார்கள். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், அளந்தது போதும், அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் படிப்பியுங்கள் என்றார். கை தட்டினார்கள். ஒரு தாய், சோதனையன்று தன் மகளுக்கு வயிற்றுக்குத்து வந்தது என்றாள். அதற்கும் தட்டினார்கள். பிறகு ஸ்பானிஷ் பேசும் தாய் ஒருத்தி எழும்பி, கல்விச் சபைக்கு நன்றி சொன்னாள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் கூடுதலாக உள்ள இடங்களில், புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு, அந்தப் பிள்ளைகளின் மொழி தெரிந்த ஒரு பல்கலைக்கழக மாணவரை வைத்துக் கணக்கு விளங்கப்படுத்தப் போகிறார்களாம். தன் மகனுக்கு அது கிடைத்திருக்கிறதாம்.

நான் நிமிர்ந்தேன். "தமிழுக்கு?" என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டேன்.

அவள் கேட்பதற்கு முதலே மட்டக்களப்புக்காரர் எழும்பி நின்றார். அதே கேள்வியைத்தான் பிரெஞ்சில் கேட்டார். முன்மேசையில் இருந்த கல்விச் சபை அம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்தா. இந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசும் வீடு மிகவும் குறைவு, ஒரு ஆளை வைக்கக் காணாது என்றா.

அவர் முன்வரிசைக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னதைப் பக்கத்துப் பிள்ளை எனக்குச் சொன்னாள்: "எங்கட கட்டிடத்தில மட்டும் எட்டு ஒன்பது பிள்ளையள் இருக்கினமாம். ஆக்கள் பயத்தில வேற மொழியை எழுதிப்போட்டினமாம். அந்தப் பயத்துக்கு எங்கட நாட்டில ஒரு காரணம் இருக்காம். திருத்தி எழுத விடச் சொல்லிக் கேக்கிறார்."

மேசையில் இருந்த அம்மா கோபிக்கவில்லை. மெய்யாகவே கவலைப்பட்ட மாதிரித்தான் இருந்தது. படிவத்தில் பெயர் இல்லை, எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது, அடுத்த கணக்கெடுப்பு வரும் வரைக்கும் இந்த எண்ணிக்கைதான் என்றா. அந்தப் பெற்றோர் யாராவது இங்கே இருந்து, தாங்களே எழும்பிச் சொன்னால் குறித்துக்கொண்டு மேலிடத்துக்கு அனுப்பலாம் என்றும் சொன்னா.

அவர் திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். கை காட்டவில்லை, பெயர் சொல்லவில்லை. பார்த்தது மட்டும்தான்.

ஒலிவாங்கி எங்கள் வரிசைக்கு வந்தது. "அம்மா, நீங்கள் ஏதும் சொல்லப் போறியளோ?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்டாள்.

"எனக்கென்ன சொல்லக் கிடக்கு" என்றேன்.

ஒலிவாங்கி அடுத்த வரிசைக்குப் போனது.

அந்தப் பனிக்காலம் முழுக்க, புதன்கிழமைகளில் ஸ்பானிஷ் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிற்க, எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். பேத்தி சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு, கொப்பியை விரிப்பாள். ஒரு கேள்வியை நாலுமுறை வாசிப்பாள். கடைசி மகன் வேலையால் வந்து, தெரிந்த அளவு பிரெஞ்சில் பார்த்துச் சொல்வான். பாதி நாள் அவன் வருவதற்கு முன்னமே மூடி வைத்துவிடுவாள். தை மாதத்து ரிப்போட்டில் கணக்குக்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது.

இனி எழுதப் போவதை மருமகளுக்கும் நான் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை, அதே நிலவறையில், நானும் மட்டக்களப்புக்காரரும் மட்டும் நின்றோம். அவர் என் ஈரப் போர்வையைக் கேட்காமலே பிழிந்து தந்தார். பிறகு சொன்னார்.

"பிள்ளையை எங்கட வீட்ட அனுப்புங்க ஆச்சி. புதன்கிழமை நான் வெள்ளன வந்திருவன். என்ட மகனோட சேர்ந்து இரிந்து படிக்கட்டும். அவளுக்குக் கணக்கு வடிவாத் தெரியும் எண்டு அவன் சொல்லுறான். கேள்விதான் விளங்குதில்லயாம். அதைத் தமிழில சொல்லிக் குடுத்தா மூணு மாசத்தில எழும்பிருவாள்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குப் பதினெட்டுப் படி. பிள்ளை பனிச் சப்பாத்துக்கூடப் போடத் தேவையில்லை.

நான் சொன்னது இது: "என்ர மகன்ர இடத்தில படிச்ச படிப்பு என்ர மகன்ர பிள்ளைக்கு வேண்டாம்."

அவர் போர்வையின் மற்ற முனையை மெல்ல என் கையில் தந்தார். "சரி ஆச்சி" என்றார். அவ்வளவுதான். அடுத்த கோடையில் அவர்கள் லவாலில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். போகும்போது எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு போனார், எங்கள் வீட்டுக்கும் வந்தார். பேத்திதான் கதவு திறந்தாள். அவளின் தலையில் கை வைத்துவிட்டு, "நல்லாப் படி மகள்" என்று சொல்வது எனக்குக் குசினிக்குள் கேட்டது. நான் வெளியே வரவில்லை.

அவருடைய மகன் இப்போது விஞ்ஞானம் படிக்கக் கொலிஜுக்குப் போகப் போகிறானாம். இங்கே மேல்வகுப்பில் கணக்கு இரண்டு மூன்று பாதையாகப் பிரியும். கடினமான பாதையை எடுத்தவர்களுக்குத்தான் விஞ்ஞானக் கதவு திறக்கும். போன வருடம் பேத்திக்கு அந்தத் தாள் வந்தது. அவள் இலகுவான பாதைக்குப் புள்ளடி போட்டுக்கொண்டு வந்து, தாயிடம் கையெழுத்துக் கேட்டாள். மருமகள் களைத்த முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"ஏன் பிள்ளை, மற்றதை எடன்" என்றேன் நான்.

"எனக்குக் கணக்கு வராது அப்பம்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு மீன் பிடிக்காது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்து சாப்பிட்டாள்.

மகனை மறித்தது ஒரு அரசாங்கம். பேத்தியை மறித்தது நான். இதை எழுதுவதற்குத்தான் நாலு நாள் எடுத்தது.

ஆகவே அரசாங்கத்துக்கு என் கருத்து இதுதான். எண்ணுங்கள். ஆனால் எதற்காக எண்ணுகிறீர்கள் என்பதை முதலில் வீட்டுக்கு வந்து, எங்களுக்கு விளங்குகிற மொழியில் சொல்லுங்கள். எண்ணி எங்களை வெட்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். வெறும் கடிதம் எங்களுக்குக் காணாது. போட்ட புள்ளடியைத் திருத்த ஒரு வழியும் விட்டு வையுங்கள். பயந்த சனம் பிழையாகத்தான் புள்ளடி போடும். எங்கள் வீட்டில் பேசும் மொழி தமிழ். அன்றைக்கும் தமிழ்தான். எழும்பிச் சொல்ல வேண்டிய அன்று நான் சொல்லவில்லை, இன்று எழுதுகிறேன்.

இதைச் சமூக நிலையத்துப் பிள்ளையிடம் கொடுக்க முதல், எழுத்துப் பிழை பார்க்க ஒரு ஆள் வேண்டும். கடைசி மகனின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது வீட்டில் நிற்பவர்களில் தமிழ் ஒழுங்காக வாசிக்கக்கூடியவள் பேத்தி ஒருத்திதான். அவள் இப்போது அறைக்குள் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்துப் பிழைக்கு மட்டும் கூப்பிடுகிறேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

பிள்ளை, இஞ்சை வா. அதைப் பேந்து மடிக்கலாம். இதில இரு. இது நான் எழுதினது. முதல் பக்கத்தில இருந்து எனக்குச் சத்தமா வாசி. உன்ர பேச்சும் இதில வருது. இடையில கோவம் வரும், வந்தாலும் நிப்பாட்டாதை. கடைசி மட்டும் வாசிச்சு முடிச்சுப்போட்டு, பிறகு என்னை என்ன கேக்க வேணுமோ, கேள்.